மின்னொளி கபடிக்கு விதி போட்டால் ஆட்டம் செத்துவிடுமா? எங்கள் ஊர்க் குழுவில் ஒரே சண்டை

தோப்புக்காரன் கேட்டது:

வணக்கம். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடற்கரைக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் ஊர். கோயில் திருவிழா முடிகிற அன்று ராத்திரி மின்னொளி கபடிப் போட்டி நடத்துவோம். நான் இளைஞர் குழுவின் பொருளாளர். வசூல் நோட்டு என் கையில் இருப்பதால் திட்டும் எனக்குத்தான் முதலில் வரும்.

போன வருடம் அரையிறுதி. விடியற்காலை நாலு மணி இருக்கும். ரைட் கார்னரில், அதாவது வலது ஓரத்தில், நின்ற பையன், கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறவன், ரெய்டரின் (பாடி வந்தவரின்) தொடையைக் குறிவைத்துத் தலையைத் தாழ்த்திப் பாய்ந்தான். ரெய்டர் சட்டென்று திரும்பினார். அவருடைய முழங்கால் பையனின் நெற்றிப்பொட்டில் இடித்தது. விழுந்தான். முகத்தில் தண்ணீர் அடித்தார்கள், எழுந்து உட்கார்ந்தான். நடுவர் "ஆடுறியா தம்பி?" என்றார். தலையை ஆட்டினான். கூட்டம் விசிலடித்தது. ஐந்தாறு ரெய்டு வரை நின்று ஆடினான், ஒரு பிடிகூடப் பிடித்தான்.

இடைவேளையில் என்னிடம் வந்து, "அண்ணே, நாம எத்தன பாயிண்டு?" என்று கேட்டான். பதினொன்று என்றேன். தண்ணீர் குடித்துவிட்டு, "அண்ணே, நாம எத்தன பாயிண்டு?" என்றான். சொன்னேன். மறுபடியும் அதே கேள்வி, அதே மாதிரி, முதல்முறை கேட்பது போல. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தான். அணி வந்த வேனிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு முதலில் பட்டுக்கோட்டை, அங்கிருந்து தஞ்சாவூர். ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை என்று இரண்டு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறான்.

ஆனால் அவன் அம்மா ஊர்க்கூட்டத்துக்கு நேரே வந்துவிட்டார். "பந்தலுக்கு அட்வான்ஸ் குடுத்தீங்க, மைக் செட்டுக்குக் குடுத்தீங்க, கோப்பைக்குக் குடுத்தீங்க. ஒரு ஆம்புலன்சுக்குக் குடுக்க உங்ககிட்ட காசு இல்லையா?" என்று கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை.

அதிலிருந்து ஊர் மூன்றாக நிற்கிறது. பெரியவர்கள் கபடியே வேண்டாம், இன்னிசைக் கச்சேரி வைப்போம் என்கிறார்கள். பழைய ஆட்டக்காரர்கள், "அடிபடாத கபடி என்ன கபடி" என்கிறார்கள். நாங்கள் சிலர் விதிமுறை எழுதி வைத்து நடத்தலாம் என்கிறோம். எடைப் பிரிவு, 18 வயது, ஆம்புலன்ஸ், மேட் (களத்தில் போடுகிற விரிப்பு) என்று நோட்டில் எழுதிக்கொண்டே போனால் செலவு கோப்பையையும் பரிசுத் தொகையையும் தாண்டுகிறது.

2022 ஜூலையில் பண்ருட்டிப் பக்கம் ரெய்டு போன இளைஞர் ஒருவர் கீழே விழுந்து, எழப் பார்த்து, அப்படியே சரிந்து இறந்துபோனார். அந்த வீடியோ வராத செல்போன் இருக்காது. அதற்குப் பிறகும் எங்கள் பக்கத்தில் எந்தப் போட்டியிலும் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. இதற்கு அரசாங்கமே சட்டம் கொண்டுவர வேண்டுமா, அல்லது நாங்களே விதி போட்டால் போதுமா? போட்டால் எது உண்மையில் வேலைக்கு ஆகும்? ஆடியவர்கள், நடத்தியவர்கள் சொல்லுங்கள்.

லெஃப்ட் கார்னர்:

தம்பி, கபடி வீர விளையாட்டு. அடிபடாமல் ஆட ஆசையிருந்தால் கேரம் போர்டு வாங்கிப் போடுங்கள், அதிலும் விரல் வலிக்கும்.

நான் ஆடிய காலத்தில் கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு அதே தரையில் ஆடினோம். எனக்கு இரண்டு முறை தோள் இறங்கியிருக்கிறது. எண்ணெய் போட்டுக் கட்டுக் கட்டினார்கள், அடுத்த திருவிழாவுக்குத் திரும்ப ஆடினேன். டேஷ் அடிக்கக் கூடாது (ரெய்டரை இடித்துத் தள்ளுவது), செயின் போடக் கூடாது (கைகோத்து மடக்குவது) என்று ஆரம்பித்தால் அது கபடி இல்லை, கண்ணாமூச்சி.

விசில் வாத்தியார்:

தோப்புக்காரன் தம்பிக்கு, நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் இந்த ராத்திரிப் போட்டிகளுக்கு நடுவராகப் போய் வருகிறவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கார்னர் அண்ணனுக்கு. டேஷை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கபடி விதிப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ரெய்டரின் வாயைப் பொத்தக் கூடாது, காலால் கத்தரி போடக் கூடாது, காயம் வரும்படி முரட்டுத்தனமாகப் பிடிக்கக் கூடாது, நகம் வெட்டியிருக்க வேண்டும், உடம்பில் எண்ணெய் கூடாது, மோதிரம் காப்பு கூடாது. எல்லாம் எப்போதோ எழுதியாகிவிட்டது. களத்துக்குள் இறங்கியதும் நான் செய்கிற முதல் வேலை இரண்டு அணியையும் கையை நீட்டச் சொல்லி நகம் பார்ப்பதுதான். அதற்கே "சார் பள்ளிக்கூடம் நடத்துறாரு" என்று சிரிப்பார்கள். இதே காப்பு ஒருவன் புருவத்தைக் கிழித்து ரத்தம் கொட்டியதும் சிரிப்பு நின்றுவிடும்.

ஆக, ஆட்டத்துக்கு விதி இல்லாமல் இல்லை. ஆட்டத்தைச் சுற்றி இருக்கிற விஷயங்களில்தான் ஒன்றுமே இல்லை.

எடையை எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய அளவில் ஆண்கள் 85 கிலோ, பெண்கள் 75 கிலோவுக்குள் இருக்க வேண்டும். நம் ஊர் நோட்டீசில் '60 கிலோ பிரிவு' என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். எடை எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? ரேஷன் கடையிலோ உரக் கடையிலோ கேட்டு வாங்கி வந்த தராசு, ஒரு பக்கம் மண் தாழ்ந்த தரையில். பையன் முந்தின நாளே சோறு தண்ணியை நிறுத்தியிருப்பான். காலையில் இரண்டு சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு வெயிலில் ஓடுவான். எச்சில் துப்பிக்கொண்டே இருப்பான், அதிலும் நூறு கிராம் குறையும் என்று நம்பிக்கை. தராசு முள் 60-ஐத் தொட்டதும் நேரே டீக்கடைக்கு ஓடி நாலு வாழைப்பழம், ஒரு லிட்டர் தண்ணீர். அன்று ராத்திரி பதினொன்றுக்கோ இரண்டுக்கோ அவன் ஆட்டம். காய்ந்துபோன உடம்பு, தூக்கமில்லாத கண். இவனைத்தான் நாம் சங்கிலி போட்டு மடக்குகிறோம். '60 கிலோ' என்று விதி போட்டது பாதுகாப்புக்காக. அதை நடத்துகிற விதத்தில் அதுவே ஆபத்தாகிவிடுகிறது. எடை பார்ப்பதை ஆட்டத்துக்கு முந்தின மணி நேரத்துக்குத் தள்ளுங்கள். பட்டினி கிடந்தவன் பட்டினியோடுதான் ஆட வேண்டும் என்றால், இரண்டு கிலோ கூட உள்ளவன் தானாகவே மேல் பிரிவுக்குப் போய்விடுவான்.

ஓபன் பிரிவைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும். எடை வரம்பே கிடையாது. 55 கிலோப் பையன் பிடிக்க நிற்பான், எதிரில் 90 கிலோ ரெய்டர். விட்டுவிடுகிறேன்.

பிறகு கோட்டுக்கு வெளியே. ஆண்கள் களம் 13-க்கு 10 மீட்டர். அதை அளந்து சுண்ணாம்பு போட்டதும் வேலை முடிந்தது என்று, கோட்டிலிருந்து மூன்றடியில் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டிவிடுவார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கமே சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். ரெய்டரை டேஷ் அடித்து வெளியே தள்ளினால் அவன் எங்கே போய் விழுவான்? கம்பு மேல்தான். எனக்குத் தெரிந்து காறை எலும்பு உடைந்ததில் பாதி இந்தக் கம்பில்தான். கம்பைப் பத்தடி தள்ளி நடுவதற்கு ஒரு பைசா செலவில்லை. போக்கஸ் லைட் கம்பத்துக்கும் அதேதான்.

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் பையன் மூன்று முறை பாயிண்ட் கேட்டானே, அவனை வெளியே உட்கார வைக்க அந்த இடத்தில் யாருக்கு அதிகாரம் இருந்தது? நடுவருக்கு என்பீர்கள். நடுவருக்குச் சம்பளம் தருவது நடத்துகிறவர்கள். அரையிறுதியில் ஆடுவது பெரும்பாலும் உள்ளூர் அணி அல்லது அவர்களுக்கு வேண்டிய அணி. அந்த அணியின் நல்ல பிடிகாரனை 'நீ உட்கார்' என்று சொல்லிவிட்டு நான் எந்த வழியாக பஸ் ஸ்டாண்டுக்குப் போவது? நாற்காலி பறந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எல்லா நடுவரும் 'ஆடுறியா தம்பி?' என்று பையனிடமே கேட்டுவிடுகிறோம். பொறுப்பு அவன் தலையில் போய்விடும். அடிபட்டதும் அதே தலைதான். இவ்வளவு கூட்டத்துக்கு முன்னால் எந்தப் பையன் 'ஆடவில்லை' என்பான்?

புரோ கபடியில் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை இருக்கிறது. மஞ்சள் என்றால் இரண்டு நிமிடம் வெளியே. அது தப்பு செய்தவனுக்குத் தண்டனை. நியூசிலாந்தில் உள்ளூர் ரக்பிக்கு நீல அட்டை வைத்திருக்கிறார்கள். தலையில் அடிபட்ட மாதிரி நடுவருக்குச் சந்தேகம் வந்தாலே போதும், நீல அட்டை காட்டுவார். அந்த ஆள் அன்றைக்குத் திரும்ப உள்ளே வர முடியாது, அதற்கப்புறமும் சில வாரம் ஆடக் கூடாது. உறுதி செய்ய வேண்டியதில்லை, சந்தேகம் போதும். எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்தது. நீங்கள் நோட்டீசிலேயே அச்சடித்துவிடுங்கள்: தலையில் அடிபட்ட வீரர் அன்று மேற்கொண்டு ஆட அனுமதி இல்லை, நடுவர் முடிவே இறுதி. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் மைக்கில் சொல்லுங்கள். அப்போது நான் யார் பிள்ளையையும் வெளியேற்றவில்லை, நோட்டீஸ்தான் வெளியேற்றுகிறது. தைரியமாக விசில் ஊதுவேன்.

லெஃப்ட் கார்னர்:

சார், ஏழு பேரோடு வந்த அணியில் ஒருத்தனை வெளியே அனுப்பினால் ஆறு பேர் ஆடுவதா? பரிசுத் தொகையைப் பங்கு போட வேண்டுமே என்று நம் பக்கத்து அணிகள் மாற்று ஆள் கூட்டி வருவதே இல்லை. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

விசில் வாத்தியார்:

நல்ல கேள்வி அண்ணே. பத்துப் பேருக்குக் குறைவாக வந்தால் நுழைவு இல்லை என்று போட்டுவிட வேண்டியதுதான். மாற்று ஆள் இருந்தால்தான் அடிபட்டவனை வெளியே விடவும் மனசு வரும்.

இரவுப்பணி:

நான் ஒரு அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவில் செவிலியர். திருவிழா சீசனில் விடியற்காலை வேன் வந்து நின்றால் ஜெர்சியைப் பார்த்தே தெரிந்துகொள்வோம்.

அந்தப் பையன் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டான் என்று படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூளை அதிர்ச்சியில் மயக்கம் போட்டே ஆக வேண்டும் என்று இல்லை. எழுந்து நிற்பார்கள், பேசுவார்கள், ஆடுவார்கள். ஆனால் புதிதாக நடப்பது எதுவும் மனதில் தங்காது. கேட்ட கேள்வியையே கேட்பது, எதிரணி பெயர் மறப்பது, தள்ளாடுவது, வெளிச்சம் கூசுவது, வாந்தி, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. அந்த நிலையில் இன்னொரு முறை தலையில் பட்டால், முதல் அடியைவிட லேசாகப் பட்டாலும், சில இளம் பிள்ளைகளுக்கு மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் பையன் ஐந்தாறு ரெய்டு ஆடியிருக்கிறான். சாமி காப்பாற்றியது.

சர்வதேச கிரிக்கெட்டில் 2019-லிருந்து தலையில் அடிபட்டவருக்குப் பதில் ஆள் இறக்கலாம். லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவின் ஸ்மித்துக்குப் பதிலாக லபுஷேன் வந்து ஆடினாரே, அதுதான் முதல் தடவை. இரண்டு பக்கமும் கோடிக்கணக்கில் பணம் புரளும் ஆட்டத்திலேயே உட்கார வைக்கிறார்கள். நம் ஊர்க் கோப்பை என்ன விலை?

தலைக்கவசம் போட்டால் சரியாகிவிடுமே என்று யாராவது வருவீர்கள். வெட்டுக்காயம் குறையும், அவ்வளவுதான். மண்டை ஓட்டுக்குள் மூளை குலுங்குவதை வெளியே போடுகிற பஞ்சு தடுக்காது. அமெச்சூர் குத்துச்சண்டையில் 2013-ல் ஆண்களுக்குத் தலைக்கவசத்தையே எடுத்துவிட்டார்கள், 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அது இல்லாமல்தான் மோதினார்கள். அது சரியா தவறா என்று டாக்டர்களுக்குள் இன்னும் வாதம் இருக்கிறது. எப்படியும் கபடிக்கு அது தேவையில்லாத செலவு.

பண்ருட்டிப் பையனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தச் சாவின் காரணத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் ஆட்டத்தில் ஒருவர் திடீரென்று சரிந்து, கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் தண்ணீர் தெளிக்காதீர்கள், வாயில் சோடா ஊற்றாதீர்கள். நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் இறங்குகிற மாதிரி, நிமிடத்துக்கு 100-லிருந்து 120 தடவை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை, ஆள் மாற்றி ஆள். 2023 ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்து வீரர் டாமர் ஹாம்லின் ஒரு மோதலில் நெஞ்சில் அடிபட்டு, எழுந்து நின்று, அப்படியே பின்னால் சாய்ந்தார். மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். அதே வருடம் மறுபடி ஆட வந்துவிட்டார். நம் குழுவில் நாலு பேருக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஒரு மத்தியானம் போதும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இத்தாலியில் 1982-லிருந்து போட்டியில் ஆடுகிற எல்லோருக்கும் ஈசிஜி எடுப்பது கட்டாயம். வெனெட்டோ பகுதியில் அதற்குப் பிறகு இளம் வீரர்களின் திடீர் மரணம் ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்தது. நம் ஊர்த் திருவிழாவுக்கு அதெல்லாம் முடியாது, தெரியும். ஆனால் பெயர் கொடுக்க வரும்போது கேட்கலாமே: ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறாயா? நெஞ்சு வலித்திருக்கிறதா? வீட்டில் சின்ன வயதில் யாராவது திடீரென்று செத்திருக்கிறார்களா? ஒன்றுக்கு ஆமாம் என்றால், டாக்டரிடம் காட்டிவிட்டு அடுத்த வருடம் வா.

இன்னொன்று. கழுத்து வலிக்கிறது, கை மரத்துப்போகிறது என்று சொல்கிறவனை நாலு பேர் கை காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். வெறும் பலகை இருந்தால்கூடப் போதும். எங்களிடம் வரும்போது பாதிக் கெடுதல் வேனில்தான் நடந்திருக்கும்.

மஞ்சுவிரட்டு மண்:

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'அரசு சட்டம் கொண்டுவர வேண்டுமா' என்ற கேள்விக்கு சிவகங்கைக்காரனாக ஒன்று சொல்கிறேன். வேண்டவே வேண்டாம்.

ஜல்லிக்கட்டுக்கு 2009-ல் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2017-ல் மெரினாவில் கூடிய பிறகு திருத்தம் வந்தது, 2023-ல் அது செல்லும் என்று தீர்ப்பு. இப்போது ஆட்சியர் அனுமதி, இரட்டைத் தடுப்பு, ஆன்லைன் பதிவு, மருத்துவப் பரிசோதனை. பெரிய வாடிவாசல்கள் நடக்கின்றன. எங்கள் பக்கத்தில் கண்மாய்ப் பொட்டலில் சும்மா மாடு அவிழ்த்துவிட்ட சின்ன ஊர்கள் பல, இந்தக் காகிதத்துக்கு அலைய முடியாமல் விட்டுவிட்டன. இவ்வளவு விதிக்குப் பிறகும் தை மாதத்தில் சாவுச் செய்தி வராமல் இல்லை.

கபடிக்கு இப்போதே போலீஸ் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. மறுத்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போட்டு உத்தரவு வாங்கி வருகிறார்கள், நீதிமன்றமும் மருத்துவ வசதி, சாதி அடையாளம் கூடாது என்று நிபந்தனை வைத்துத்தான் தருகிறது. இதற்கு மேல் ஒரு சட்டம் வந்தால் நடத்துவது யார்? கட்சிக்காரனும் ரியல் எஸ்டேட்காரனும்தான். உங்களை மாதிரி வசூல் நோட்டுக் குழு காணாமல் போய்விடும்.

விசில் வாத்தியார்:

தம்பி சொல்வதில் பாதிக்கு நான் கையெழுத்துப் போடுவேன். ஆனால் அலங்காநல்லூரில் காலையில் மருத்துவப் பரிசோதனைக்கு நிற்கிற வரிசையைப் பார்த்திருப்பீர்கள். குடித்துவிட்டு வந்தவனைத் திருப்பி அனுப்புகிறார்கள். வாடிவாசலுக்கு முன்னால் தென்னை நார்க்கழிவைக் கொட்டி வைக்கிறார்கள். அந்த இரண்டுக்குமாவது கபடி கடன்பட வேண்டாமா? ராத்திரி கபடியில் வாயில் வாடையோடு களத்தில் இறங்குகிறவனை நான் கண்ணால் பார்க்கிறேன், ஒன்றும் செய்ய முடியவில்லை.

விதி போட்டால் ஆட்டம் செத்துவிடும் என்ற பேச்சும் பழையது. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் கொரியக் குத்துச்சண்டை வீரர் டுக் கூ கிம் 14-ஆவது சுற்றில் விழுந்து சில நாளில் இறந்தார். அதுவரை உலகப் பட்டச் சண்டை 15 சுற்று. உலகக் குத்துச்சண்டை கவுன்சில் அதை 12 ஆக்கியது, மற்ற அமைப்புகளும் பின்னால் வந்தன. அன்றைக்கும் கத்தினார்கள், வீரம் போச்சு என்று. இன்றைக்கு 12 சுற்றுச் சண்டைக்கு டிக்கெட் கிடைக்காமல் அலைகிறார்கள்.

தோப்புக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. கம்பைத் தள்ளி நடுவது, பத்துப் பேர், நோட்டீசில் தலைக்காய விதி, இதெல்லாம் செலவில்லாதவை, இன்றைக்கே எழுதிவிட்டேன். தனியார் ஆம்புலன்ஸ் ஒரு ராத்திரிக்கு 5,000 கேட்கிறார்கள். பட்டாசைக் குறைத்தால் வந்துவிடும், அதற்கும் ஒரு சண்டை இருக்கிறது.

மேட் பற்றி யாராவது சொல்லுங்கள். வாடகைக்கு எடுக்கலாமா, அல்லது மண்ணிலேயே ஆடலாமா? எங்கள் ஊரில் நார்க்கழிவு மலை மாதிரிக் குவிந்து கிடக்கிறது, கயிறு மில்லில் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

ஆல்ரவுண்டர் அக்கா:

மேட்டில் ஆடி முட்டி போனவள் பேசுகிறேன், தம்பி.

எனக்குப் பல்கலைக்கழகப் போட்டியில்தான் ஜவ்வு கிழிந்தது. மேட்டில் ஷூ அப்படியே கவ்விக்கொள்ளும். நான் போனஸ் பாயிண்டு எடுத்துவிட்டு இடது பக்கம் திரும்பினேன், உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. 'டப்' என்று ஒரு சத்தம், பக்கத்தில் இருந்த எதிரணிப் பெண்ணுக்கே கேட்டது. யாரும் என்னைத் தொடக்கூட இல்லை. மண்ணில் கால் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும், தோல் போகும், முட்டி பிழைக்கும். அதனால் மேட் என்றாலே பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். வாடகை மேட்டில் துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டிருந்தால் கட்டைவிரல் அதில் மாட்டும். அதற்கு நல்ல மண் எவ்வளவோ மேல். முந்தின நாளே உழுது, கல் பொறுக்கி, சலித்த மண்ணோடு நார்க்கழிவைக் கலந்து தண்ணீர் விட்டு அடித்து வையுங்கள். நார்க்கழிவை மட்டும் தடிமனாகக் கொட்டாதீர்கள், கால் புதைந்து கணுக்கால் போகும்.

அப்புறம், ஆட்டத்துக்கு முன்னால் உடம்பைச் சூடு பண்ண இடமும் நேரமும் கொடுங்கள். கால்பந்தில் 'ஃபிஃபா 11 பிளஸ்' என்று 20 நிமிடப் பயிற்சி இருக்கிறது. குதித்து இறங்குவது, ஒற்றைக்காலில் நிற்பது, திசை மாற்றி ஓடுவது. அதை ஒழுங்காகச் செய்த அணிகளில் காயம் கணிசமாகக் குறைந்திருக்கிறது. பெண்களுக்கு இந்த ஜவ்வுக் கிழிசல் ஆண்களைவிட அதிகம் வருகிறது, எங்களுக்கு அது இன்னும் அவசியம். நம் ஊர்ப் போட்டியில் என்ன நடக்கிறது? மூன்று மணி நேரம் வேனில் மடங்கித் தூங்குகிறோம், மைக்கில் 'கடைசி அழைப்பு' என்றதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு களத்துக்கு ஓடுகிறோம்.

உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். 'ஆபத்து, வேண்டாம்' என்று ஒரு ஊர் முடிவெடுத்தால் முதலில் நிற்பது பெண்கள் ஆட்டம்தான். ஆண்கள் போட்டி இரண்டு வருடத்தில் எப்படியாவது திரும்பி வந்துவிடும், எங்களுடையது வராது. எனக்கு ஆபரேஷன் ஆனபோது என் அப்பா இதே வார்த்தையைத்தான் சொன்னார், என் தங்கையையும் சேர்த்து நிறுத்திவிட்டார். அவளுக்கு அடிபடவே இல்லை. அதனால் விதி போடுங்கள், தாராளமாகப் போடுங்கள், ஆனால் ஆட்டத்தை நடத்துங்கள். முடிந்தால் பெண்கள் பிரிவும் வையுங்கள், அதைச் சாயங்காலமே முடித்துவிடுங்கள்.

லெஃப்ட் கார்னர்:

அக்கா சொன்ன மண் விஷயம் நூற்றுக்கு நூறு. எங்கள் ஊரில் ஏர் பூட்டி உழுவோம்.

அந்தத் தலைக்காய விதி மட்டும் எனக்கு இன்னும் ஒப்பவில்லை. வேண்டுமென்றே ஒருத்தன் எதிரணி ரெய்டரின் தலையில் இடித்து வெளியே அனுப்பிவிட்டால்?

விசில் வாத்தியார்:

அப்படி இடித்தவனுக்கும் வெளியேதான் அண்ணே வழி, சிவப்பு அட்டை. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மிச்ச ஆட்டத்தைப் பார்க்கட்டும்.

தோப்புக்காரன்:

நேற்று குழுக் கூட்டம் நடந்தது. ஒத்துக்கொண்டவை: 65 கிலோ ஒரே பிரிவு, ஓபன் இல்லை. எடை ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால். பத்துப் பேர் கட்டாயம். தலைக்காய விதி நோட்டீசில். ஆம்புலன்ஸ் உண்டு, பட்டாசு பாதி. 18 வயதுக்கு ஆதார் பார்ப்பதற்கு மட்டும் எதிர்ப்பு அதிகம், பதினோராம் வகுப்புப் பையன்கள்தான் எங்கள் அணியில் பாதி. அதற்கு என்ன செய்வதென்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். பெண்கள் பிரிவுக்கு நாலு அணி கிடைத்தால் வைக்கலாம் என்றார்கள். அக்கா, உங்களுக்குத் தெரிந்த அணிகள் இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

வாத்தியார் சார், நீங்கள் நடுவராக வர முடியுமா? அந்தப் பையனின் அம்மா, "விசில் ஊதுறவரு யாருன்னு சொல்லுங்க, அப்புறம் வரி தர்றேன்" என்கிறார்.

விசில் வாத்தியார்:

தேதி சொல்லுங்கள், வருகிறேன். கூட இரண்டு கோட்டு நடுவர்களையும் நானே அழைத்து வருவேன், அவர்களுக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். அணி எண்ணிக்கையை 16-க்குள் நிறுத்திவிடுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு மேல் புது ஆட்டம் தொடங்கினால் நான் விசிலைப் பையில் போட்டுவிடுவேன். மிச்சத்தை மறுநாள் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம்.